மைனா சொல்லாமல் விட்டது

"அம்மா, அய்யா ஒண்ணு கேக்கச் சொன்னாருங்க. வர்ற பதினெட்டாம் தேதியோட நம்ம லீஸு முடியுதுங்களாம். இன்னும் மூணு வருசத்துக்கு நீட்டிச்சுக்கலாமான்னு கேட்டாருங்க."

கார் இப்படிக் கேட்டபோது சுபாஷிணி பின் சீட்டில் உட்கார்ந்து பதினோராம் வகுப்பு வேதியியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். விளாங்குறிச்சியில் இருக்கும் வீட்டிலிருந்து சிங்காநல்லூரில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு நாற்பது நிமிடப் பயணம். ஓட்டுவதற்கு ஆள் வேண்டாத மின்சாரக் கார்கள் வந்ததில் மனித குலத்துக்குக் கிடைத்த மாபெரும் விடுதலை, போகிற வழியிலும் வேலை பார்க்கலாம் என்பதுதான்.

"அவருக்கு என்ன எண்ணமாம்?"

"அய்யாவுக்கு நீட்டிக்கறதுல இஷ்டந்தான் போலிருக்குங்க."

"போலிருக்கா, சொன்னாரா?"

"தொனி அப்படி இருந்துச்சுங்க" என்றது மைனா.

மைனா என்பது காரின் பெயர். கம்பெனி வைத்த பெயர் ஆங்கிலமும் எண்களுமாக ஒரு முழ நீளம் இருந்தது. மகள் ஆதிரை அதை முதல் நாளே தூக்கிப் போட்டுவிட்டு மைனா என்று கூப்பிட்டாள். நான்கு வருடத்தில் மைனா கொங்குத் தமிழை நன்றாகவே கற்றுக்கொண்டது. இந்த வீட்டில் யார் யாரிடம் பேசக்கூடாது என்பதையும் கற்றுக்கொண்டது.

சுபாஷிணியும் அவள் கணவர் ரத்தினவேலும் நேருக்கு நேர் பேசிப் பதினொரு மாதம் ஆகிறது.

இதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. அவர்கள் கல்யாணமான நாளிலிருந்தே சண்டை என்று வந்துவிட்டால் நேராகப் பேசும் வழக்கம் இல்லாதவர்கள். "ஆதிரை, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் கிளம்பும். "எனக்குப் பசிக்கலைன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்று கூடத்திலிருந்து பதில் புறப்படும். இரண்டுக்கும் நடுவே ஆதிரை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். மூன்று பேருக்கும் எல்லாம் காதில் விழும். ஆனாலும் ஆதிரை ஒருமுறை திருப்பிச் சொன்னால்தான் அந்த வார்த்தை சேர்ந்ததாகக் கணக்கு. ஊரில் பாதி வீடுகளில் குடும்பம் நடப்பது இப்படித்தான். குழந்தை பிறப்பதற்கு முன்னால் இந்தத் தம்பதிகள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்பதை யாரும் இதுவரை ஆராய்ச்சி செய்யவில்லை.

அப்படிப்பட்ட மகளைத்தான் ரத்தினவேல் குவாஹாத்திக்கு அனுப்பிவைத்தார். கல்லூரிக் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் கோயம்புத்தூர்க் கல்லூரியை முதலில் போடுவதாகத்தான் வீட்டில் பேச்சு. பட்டியலை இறுதி செய்து பூட்டும்போது அது நான்காவது இடத்துக்கு இறங்கி, முதலிடத்தில் குவாஹாத்தி ஏறியிருந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த காரியம். சுபாஷிணிக்கு அது சீட்டு கிடைத்த அன்றைக்குத்தான் தெரிந்தது. பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனை அதிகாரியாக இருபது வருடம் குப்பை கொட்டுகிற மனிதருக்கு, வீட்டுக்குள் ஒரு முக்கியமான குழாயைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை. மகளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது சண்டை இருந்தது, தூதுதான் இல்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு மைனா ரத்தினவேலைக் கம்பெனியில் விட்டுவிட்டு, வழக்கம்போல சுபாஷிணியை ஏற்றிக்கொள்ள வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஏறி உட்கார்ந்தவள் ஆத்திரத்தில், "உங்கய்யா வீட்டுச் சாவியை எங்க வெச்சாருன்னு கேளு" என்றாள்.

"கேட்டுச் சொல்றேனுங்கம்மா" என்றது மைனா. சாயங்காலம் கேட்டுச் சொல்லியும் விட்டது.

அதோடு குடும்பம் காருக்குள் குடிபெயர்ந்தது. பால் கணக்கு, கொடியில் காயும் அவர் சட்டை, மருத்துவப் பரிசோதனை என்று எல்லாம் மைனா வழியாகவே நடந்தது. சுபாஷிணிக்கு ஒரு விஷயம் மட்டும் ஆச்சரியமாக இருந்தது. அவள் எவ்வளவு காரமாகச் சொல்லி அனுப்பினாலும் அவரிடமிருந்து பதில் பதமாகவே வந்தது. மனிதர் திருந்திவிட்டார் போலிருக்கிறது, அல்லது அவருக்குச் சுரணை போய்விட்டது என்று நினைத்தாள். இருபது வருட அனுபவத்தில் இரண்டாவதுதான் சாத்தியம் என்று பட்டது.

ஒரே ஒரு முறை அவளே இறங்கி வந்தாள். தை மாதத்தில் ஒரு நாள், வீடு திரும்பும்போது, "அவர்கிட்டச் சொல்லு மைனா. வீடு வெறிச்சுன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா எங்கியாச்சும் போய் உக்காந்து பேசலாமான்னு கேளு" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார்தானே, அதற்கு முன்னால் என்ன வெட்கம் என்று பிறகுதான் தோன்றியது.

மறுநாள் அவள் ஏறியபோது அவள் வழக்கமாக உட்காரும் சீட்டு பின்னால் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. "அய்யா சாய்ச்சு வெச்சுட்டுப் போனாருங்க" என்றது மைனா. அவ்வளவுதான், வேறு பதில் இல்லை. பேச்செல்லாம் வேண்டாம், படுத்துத் தூங்கு என்று அர்த்தம். சுபாஷிணி அந்தச் சீட்டை நிமிர்த்திய வேகத்தில் ஏதோ ஒரு பிளாஸ்டிக் மூடி கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு அவள் இறங்கி வரவில்லை.

சனிக்கிழமை காலை லீஸ் கம்பெனியிலிருந்து மோனிஷா என்ற பெண் வந்தாள். திருப்பூர்க்காரி. தேர்நிலை லீஸிங் என்று எழுதிய நீலச் சட்டை, கையில் டேப்லெட், முகத்தில் காலை ஒன்பது மணிக்கே முழு வோல்டேஜில் சிரிப்பு. கீழே போய்க் காரைச் சுற்றிப் பார்த்து, கழன்ற பிளாஸ்டிக் மூடியைப் படம் எடுத்துக்கொண்டு, மேலே வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள். இந்த மூலையில் சுபாஷிணி, அந்த மூலையில் ரத்தினவேல்.

"அவருக்குக் காப்பி வேணுமான்னு கேளும்மா" என்றாள் சுபாஷிணி.

மோனிஷா கண்ணை இமைக்கவில்லை. "அண்ணா, காப்பிங்களா?"

"சர்க்கரை வேண்டாம்னு சொல்லும்மா."

"சர்க்கரை வேண்டாமாங்க்கா." டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே, "வாரத்துக்கு மூணு வீடாச்சும் இப்படிப் பாக்கறேனுங்க. சங்கடப்படாதீங்க" என்றாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சங்கடப்பட்டார்கள். பதினொரு மாதத்தில் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

"நீட்டிக்கறதுக்கு முன்னாடி தேய்மான அறிக்கையை வாடிக்கையாளருக்குக் காட்டோணும்னு சட்டம் இருக்குதுங்க. டயர் நல்லாருக்கு. பேட்டரி எம்பத்தெட்டு சதவீதம். அப்புறம்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள், "உறவுப் பராமரிப்பு. அதுல உங்க வண்டி நூத்துக்குத் தொண்ணூத்தாறுங்க! இந்த மண்டலத்துலயே மூணாவது."

"அப்படின்னா?" என்றாள் சுபாஷிணி.

"நாப்பத்தோராவது நிபந்தனைங்க. நாலு வருசத்துக்கு முன்னாடி சம்மதம்னு தட்டியிருக்கீங்களே." தட்டித்தான் இருந்தார்கள். நாற்பத்தோராவது நிபந்தனை வரைக்கும் படிப்பவர்களுக்குக் கார் எதற்கு, அவர்களுக்குத் தேவை வக்கீல் உரிமம். "ஒருத்தர் சொல்லியனுப்பறதை இன்னொருத்தர்கிட்டச் சேக்கறப்ப வண்டி ஓரத்தை வெட்டி, பதமாக்கித்தான் சொல்லுமுங்க. இல்லீன்னா குடும்பம் நிக்குமுங்களா? இங்க பாருங்க. மொத்தம் முப்பத்தெட்டு தடவை வெட்டியிருக்கு. சூடு, இருபத்தாறு. இனிப்பு, பன்னெண்டு."

சூட்டை வெட்டியது புரிந்தது. அந்த மனிதரின் பொறுமைக்கும் சுரணையின்மைக்கும் காரணம் இப்போது விளங்கியது. ஆனால்—

"இனிப்பை எதுக்கும்மா வெட்டணும்?"

மோனிஷா தொழில் ரகசியம் சொல்கிற தினுசில் குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனி ஆறு வருசக் கணக்கு எடுத்துப் பாத்துச்சுங்க்கா. பிரிஞ்சு போறவங்க வண்டியைத் திருப்பிக் குடுத்தர்றாங்க. அது தெரிஞ்சதுதான். ஆனா ரொம்ப ஒண்ணாயிட்டவங்களும் திருப்பிக் குடுத்தர்றாங்க! ஒரே ஸ்கூட்டர்ல ஒட்டுக்காப் போயிக்கறாங்களாம். ரெண்டுங்கெட்டானா இருக்கறவங்கதான் விடாம நீட்டிக்கறாங்க. அதனால வண்டி ரெண்டு பக்கமும் ஓரம் வெட்டி நடு மத்தியில வெச்சுக்கும். அதுக்குத்தான் இந்தத் தொண்ணூத்தாறு." அவள் முகத்தில் உண்மையான பெருமை இருந்தது.

அந்த மூலையில் காப்பி டம்ளர் மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"வெட்டினதெல்லாம் எங்கம்மா இருக்கு?" என்றார் ரத்தினவேல். மோனிஷாவிடம்தான்.

"பத்திரமா இருக்குதுங்கண்ணா, உங்க குரல்லயே. அது உங்க சொத்துங்க. ஒப்பந்தம் முடியற அன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஒட்டுக்காப் போட்டுக் காட்டிட்டு அழிச்சரோணும்னு சட்டம். நீட்டிச்சீங்கன்னா மூணு வருசம் கழிச்சுக் கேட்டுக்கலாம்."

"அவங்கவங்களுக்கு வந்ததை மட்டும் கேக்க முடியாதா?" சுபாஷிணியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"முடியாதுங்க்கா. ஒட்டுக்காத்தான்."

மோனிஷா டேப்லெட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அதில் இரண்டு கட்டம். நீட்டிப்பு, ஒப்படைப்பு. எதுவானாலும் இரண்டு பேரின் கட்டைவிரலும் விழவேண்டும். திங்கட்கிழமை பதினெட்டாம் தேதி.

அன்று பகல் முழுவதும் சுபாஷிணி அந்த மேஜையைச் சுற்றியே துடைத்துக்கொண்டிருந்தாள். வேதியியல் படித்தவள் என்றாலும் கழித்தல் கணக்கு வரும். இனிப்பு பன்னிரண்டு. அவள் சொன்னது ஒன்று. மிச்சம் பதினொன்று அவருடையது. பதினொரு மாதம், பதினொரு இனிப்பு. சம்பளம் போல மாதத்துக்கு ஒன்று. அந்த மனிதர், கல்யாண நாளைக்கு மிக்சி வாங்கித் தந்த மனிதர், பதினொரு தடவை என்னதான் சொல்லியிருப்பார்?

அதைக் கேட்கவேண்டுமானால் அவரும் கேட்பார். சூடு இருபத்தாறில் எத்தனை தன்னுடையது என்று எண்ண ஆரம்பித்து, இருபதோடு நிறுத்திக்கொண்டாள். அவற்றில் பெரும்பாலானவை பரவாயில்லை. மூளை, முன்கோபம், அவர் தம்பி குடும்பம், வழக்கமான பாடத்திட்டம். ஒன்று மட்டும் அப்படி இல்லை. ஆதிரை போன இரண்டாவது வாரம் சொன்னது. அதை அவர் கேட்கவே கூடாது.

நீட்டித்துவிடலாம். மூன்று வருடம் நிம்மதி. மைனா பதமாகச் சொல்லும், அவர் பதமாகக் கேட்பார், இடையில் கொஞ்சம் சட்டையும் சீட்டும் நகரும். அதற்கும் தாம்பத்யம் என்றுதான் பெயர். அக்கம்பக்கத்தில் பலபேருக்கு அதுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குத் தோசை வைத்தாள். தட்டை வைத்த கை அங்கேயே நின்றது. பிறகு சட்டென்று, கொதிக்கிற பாத்திரத்தைத் தொடுகிறவள் மாதிரி, ஒப்படைப்பு என்ற கட்டத்தில் கட்டைவிரலை அழுத்திவிட்டு, டேப்லெட்டைத் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளினாள்.

ரத்தினவேல் பார்த்தார். விரலில் ஒட்டியிருந்த சட்னியை வேட்டியில் துடைத்தார். உடனே அழுத்தினார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அந்த வேகம் சுபாஷிணிக்குச் சுருக்கென்று தைத்தது. நீட்டிப்பதில் இஷ்டம் என்று சொன்னாரே, அதெல்லாம் என்ன ஆயிற்று?

திங்கட்கிழமை இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு நீலாம்பூரில் இருக்கும் கம்பெனிக் கிடங்குக்குக் கிளம்பினார்கள். அவர் முன் சீட்டில், அவள் பின் சீட்டில். குவாஹாத்தி விமானத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அந்தக் காருக்குள் உட்கார்ந்தது இப்போதுதான்.

"வணக்கமுங்க" என்றது மைனா. "ஒப்பந்தம் முடிஞ்சுதுங்க. தேங்கின செய்தி முப்பத்தெட்டு இருக்குதுங்க. ஓரம் வெட்டாம, தேதி வாரியாப் போடறேனுங்க."

"மைனா, நீ எத்தனை பொய் சொல்லியிருக்கே!" என்றாள் சுபாஷிணி.

"ஆமாங்கம்மா. இனிமே எனக்கு அதுல ஒரு லாபமும் இல்லீங்க."

இவ்வளவு நேர்மையாகப் பேசும் ஜீவனை அவள் அந்தக் குடும்பத்தில் அதுவரை சந்தித்ததில்லை.

முதலில் வந்தது அவள் குரல். "அந்த ஆளுக்கு மண்டைக்குள்ள இருக்கறது மூளையா, அவர் கம்பெனி பம்ப்செட்டான்னு கேளு." இதை மைனா, "அம்மா உங்க வேலையைப் பத்தி விசாரிச்சாங்க" என்று சொல்லியிருந்ததாம். அதையும் அதுவே சொன்னது. முன் சீட்டில் ரத்தினவேலின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

இரண்டாவதும் அவள் குரல்தான். சுபாஷிணி காதைப் பொத்திக்கொள்ள நினைத்தாள். பொத்திக்கொண்டால் மட்டும் அவருக்குக் கேட்காமலா போய்விடும்?

"ஆதிரை படிக்கறதுக்காகப் போகல. அப்பன் மூஞ்சியத் தினமும் பாக்கப் பிடிக்காமத்தான் அவ்வளவு தூரம் ஓடிப்போனான்னு சொல்லு."

மைனா இதற்கு ஈடாக என்ன சொல்லியிருந்தது என்பதை அவள் காதில் வாங்கவில்லை. பின்னாலிருந்து தெரிந்தது அவர் கழுத்து மட்டும்தான். நேற்றுத்தான் முடி வெட்டியிருந்தார். கழுத்து அசையவில்லை. கார் அவிநாசி சாலையில் ஏறியது.

மூன்றாவது அவர் குரல்.

"மைனா, சுபாகிட்டச் சொல்லு. பட்டியலை மாத்தினப்ப அவகிட்டக் காட்டியிருக்கோணும். ஆதிரை கெஞ்சினா, அம்மாகிட்டச் சொன்னா அழுவாங்கன்னா. எனக்கும் அழுகையப் பாக்கத் தைரியம் இல்ல. தப்பு எம்மேலதான்."

"இதை என்னன்னு சொன்னே?" என்றாள் சுபாஷிணி.

"கொடியில காயற நீலச் சட்டையை எடுத்து வெக்கச் சொன்னாருன்னு சொன்னேனுங்கம்மா."

அவள் அதை எடுத்து, இஸ்திரியும் போட்டு, கட்டிலில் வைத்திருந்தாள். மனம் விட்டு மன்னிப்புக் கேட்டவருக்குப் பதிலாக மடிப்புக் கலையாத சட்டை. அடுத்த மாதம் மறுபடி கேட்டிருக்கிறார். அப்போது வெள்ளைச் சட்டை. அவர் ஏழு தடவை மன்னிப்புக் கேட்டதையும், தான் ஏழு சட்டைகளை இஸ்திரி போட்டதையும் சுபாஷிணி வரிசையாகக் கேட்டாள். நடுநடுவே சூடும் வந்தது. அவருக்கும் நாக்கு இருந்தது தெரிந்தது. "வாத்தியாரம்மாவுக்கு வீட்டுலயும் எல்லாரும் கைகட்டி நிக்கோணும்" என்பது போன்றவை. அவள் பல்லைக் கடித்தாள். உண்மையில் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. இதுதான் அவள் கட்டிக்கொண்ட மனிதர்.

பிறகு தை மாதம் வந்தது. "வீடு வெறிச்சுன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா எங்கியாச்சும் போய் உக்காந்து பேசலாமான்னு கேளு."

ரத்தினவேல் முன் சீட்டில் முழுதாகத் திரும்பினார். ஆனால் பேசியது மைனாவிடம். "சீட்டைச் சாய்ச்சு வெக்கச் சொன்னாங்கன்னுதான எங்கிட்டச் சொன்னே?"

"ஆமாங்கய்யா."

"நானும் இடுப்பு வலியாட்ட இருக்குதுன்னு, இறங்கறதுக்கு முன்னாடி அளவு பாத்துப் பாத்து…"

கிடங்கின் வாசல் வந்துவிட்டது. நீலச் சட்டை போட்ட ஓர் ஊழியர் கையைக் காட்டி உள்ளே வரவழைத்தார். முப்பத்தேழு முடிந்திருந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுங்க" என்றது மைனா.

"யாருது?"

"அய்யாவு—"

ஊழியர் முன் மூடியைத் திறந்து எதையோ பிடுங்கினார். உள்ளே இருந்த விளக்குகள் அணைந்தன. "ஆச்சுங்க. சாமானெல்லாம் எடுத்துட்டீங்களா?" என்றார். எடுத்துக்கொள்ள ஒரு குடையும் பாதித் திருத்திய விடைத்தாள் கட்டும்தான் இருந்தன.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தார்கள். ஆட்டோவும் மின்சாரம்தான் என்றாலும், ஓட்டுவதற்கு ஒரு மனிதர் இருந்தார். பாட்டும் போட்டிருந்தார். முன்னே ஒருவர், பின்னே ஒருவர் என்று உட்கார அதில் வசதி இல்லை. இருவருக்கும் நடுவே சுபாஷிணி விடைத்தாள் கட்டை வைத்தாள்.

முப்பத்தெட்டாவது என்ன என்று தெரியாமல் அவளால் மூச்சு விட முடியவில்லை. அரை கிலோமீட்டர் பொறுத்தாள்.

"அண்ணா, கடைசியா என்ன சொன்னாருன்னு அவரைக் கேளுங்க."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "எவருங்க்கா?"

"பக்கத்துல உக்காந்திருக்காரே, அவரைத்தான்."

"பக்கத்துல உக்காந்திருக்கறவரை நானு எதுக்குங்க கேக்கோணும்? நானே ரோட்டப் பாத்து ஓட்டிட்டிருக்கறேன்."

மறுபடி அரை கிலோமீட்டர் போயிற்று. சுபாஷிணி திரும்பினாள்.

"ஏனுங்க."

பதினொரு மாதமாக உபயோகிக்காத சொல். துருப்பிடித்துத்தான் வந்தது. "கடைசியா என்ன சொல்லியனுப்புனீங்க?"

ரத்தினவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன புதன்கிழமை சொன்னேன். இந்த வண்டியத் திருப்பிக் குடுத்தரலாமான்னு உன்னைக் கேக்கச் சொன்னேன். ஒரு ஸ்கூட்டர் போதும், பின்னாடி நீ உக்காந்தா எப்படியும் எங்காதுகிட்டப் பேசித்தான ஆகோணும்னேன்."

"நீட்டிச்சுக்கலாமான்னு கேட்டதாவுல்ல சொல்லுச்சு!"

"நானா? நீதான் நீட்டிச்சே ஆகோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறீன்னு எங்கிட்டச் சொல்லுச்சு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. இது எப்போது நடந்தது?

"சுபா" என்றார். "ஆதிரை எம் மூஞ்சி பிடிக்காமத்தான் போனாளா?"

வெட்டுவதற்கு யாரும் இல்லை. பதமாக்குவதற்கும் யாரும் இல்லை.

"இல்லீங்க. அவ போனது எனக்குத் தாங்கல. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உங்க மேல வீசிட்டேன்."

அவர் விடைத்தாள் கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "சித்த இந்தப் பக்கமாத் தள்ளி வா புள்ள. அந்தப் பக்கம் வெயிலடிக்குது."

ஒரு வாக்கியம், கிளம்பிய இடத்திலிருந்து சேரவேண்டிய இடத்துக்கு, ஓரம் கீரம் எல்லாவற்றோடும் அப்படியே வந்து சேர்ந்தது. சுபாஷிணி நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி" என்றாள். "வாத்தியாரம்மாவுக்கு எல்லாரும் கைகட்டி நிக்கோணும்னீங்களே, அது எந்த மாசம்?"

ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்தினார்.